அன்புக்கு அத்தாட்சி கேட்டவர்கள்

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், அந்தப் பிள்ளையோடு நீ எவ்வளவு நெருக்கமாக இருந்தாய், அதைக் காட்டினால்தான் பணம் என்று யாராவது கேட்பார்களா? கேட்க வேண்டும் என்று யோசனை கூறினார்கள். கூறியது ஊர்க் கந்துவட்டிக்காரன் அல்ல. நாகரிகத்தை உலகுக்கே கற்றுக் கொடுத்ததாகப் பெருமை பேசிய பிரிட்டனின் தர்ம ஸ்தாபனக் கமிஷன். கேட்கப்பட இருந்தவர்களோ நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும் அவர்களுடைய மனைவிமாரும்.

ஊரின் பெயர் அபர்வான். தென் வேல்ஸில், மெர்தர் டிட்வில் நகரத்தை அடுத்த பள்ளத்தாக்கில், ஒரு சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். (1831ல் தொழிலாளிகள் செங்கொடி ஏந்திக் கிளர்ந்தெழுந்தது இதே மெர்தரில்தான்.) சுரங்கத்திலிருந்து கரியோடு கல்லும் மண்ணும் சேறும் வரும். கரி விற்பனைக்குப் போகும்; கழிவு மலைமேல் போகும். மில்லுக்குப் பின்புறம் பாய்லர் சாம்பல் கொட்டும் மேட்டைப் பார்த்தவர்கள், அது நூறு அடிக்கு மேல் வளர்ந்து நிற்பதாக நினைத்துக் கொள்ளலாம். அபர்வானுக்கு மேலே அப்படி ஏழு மேடுகள் இருந்தன. ஏழாவது மேட்டை 1958ல் தொடங்கினார்கள். எங்கே? ஊற்று கசியும் இடத்தின் மேல். அங்கே ஊற்று இருப்பது ஊர் ஜனங்களுக்குத் தெரியும். அச்சிட்ட வரைபடத்திலும் அது இருந்தது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. மறுவாரம் பள்ளிக்கு விடுமுறை. காலை 9.15 மணிக்குப் பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்த நேரம். மழையில் ஊறிப் போயிருந்த ஏழாவது மேடு சரிந்தது. கரிச்சேறு மலையிலிருந்து இறங்கி வந்து பாண்ட்கிளாஸ் ஆரம்பப் பள்ளியையும் பக்கத்து வீடுகளையும் மூடிற்று. சுரங்கத்துக்குள் இருந்த தொழிலாளிகள் மேலே ஏறி வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். கரி வெட்டிய கைகள் சொந்தப் பிள்ளைகளைத் தேடித் தோண்டின. ஒரு விசில் ஊதினால் அத்தனை பேரும் அசையாமல் நிற்பார்கள், உள்ளேயிருந்து ஏதாவது குரல் வருகிறதா என்று கேட்பதற்காக. 11 மணிக்குப் பிறகு ஒருவரும் உயிரோடு எடுக்கப்படவில்லை. செத்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். பெரும்பாலோர் 7 வயதிலிருந்து 10 வயது வரை உள்ளவர்கள்.

இதை “இயற்கையின் சீற்றம்” என்று சொல்ல அதிகாரிகளுக்கு நாவு கூசவில்லை. ஆனால் ஊர் என்ன செய்து கொண்டிருந்தது? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டுவதால் ஆபத்து என்று 1963ல் உள்ளூர் நகரசபை எஞ்சினியர் எழுதினார். 1964ல் ஒரு பெண் கவுன்சிலர், மேடு நகர்ந்தால் பள்ளிக்கே ஆபத்து என்று சபையில் பேசினார். 1965ல் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர், வெள்ளம் வந்து புகுவதைப் பற்றி மனுக் கொடுத்தார்கள். மனுவை நகரசபைக்குக் கொண்டு போன தலைமை ஆசிரியை, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்திலேயே மடிந்தார். இன்னொரு சாட்சியத்தையும் சொல்ல வேண்டும். மேடு சரியக்கூடும் என்ற கவலை தமக்கு முன்பே இருந்ததென்றும், அதைப் பற்றிக் கிளப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று சந்தேகப்பட்டதால் பேசவில்லை என்றும் அந்தத் தொகுதியின் பார்லிமெண்ட் அங்கத்தினர் எஸ். ஓ. டேவிஸ் விசாரணையில் கூறினார். அந்தச் சாட்சியத்தை விசாரணைக் குழு அப்படியே நம்பிவிடவில்லை. ஆயினும் “ஆலை மூடிவிடுவான்” என்ற பயம் எத்தனை வாய்களைக் கட்டிப் போடுகிறது என்பதை ஒரு மில் தொழிலாளிக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரேதங்களை வைக்க இடமில்லை. பெத்தானியா என்ற சிற்றாலயத்தைச் சவக்கிடங்காக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜெபித்த அதே பெஞ்சுகளில் குழந்தைகளைக் கிடத்தி, கம்பளி போர்த்தி வைத்தார்கள். தாய்தந்தையர் வெளியே வரிசையில் நின்று, ஒவ்வொருவராக உள்ளே போய், கம்பளியை விலக்கிப் பார்த்துத் தம் பிள்ளையை அடையாளம் காட்டினார்கள். அதற்குப் பின் சிலருக்குக் கடவுள் நம்பிக்கை போயிற்று. சிலர் அதையே பிடித்துக் கொண்டு நாளைக் கடத்தினார்கள். இந்த இருவரில் யாரையும் ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஒரு தாய் ஜெபிப்பது அவள் பாடு. ஆனால் “ஆண்டவன் சித்தம்” என்ற வார்த்தை அந்தத் தாயின் வாயிலிருந்து வருவது வேறு, மேட்டைக் கொட்டியவன் வாயிலிருந்து வருவது வேறு. இந்த வித்தியாசத்தை அபர்வான் தெளிவாகக் கண்டுகொண்டது. மரண விசாரணையில் அதிகாரி ஒரு குழந்தையின் பெயரைப் படித்து, மூச்சுத் திணறலும் காயங்களும் காரணம் என்றார். தந்தை எழுந்தார். “அப்படி எழுதாதீர்கள். தேசிய நிலக்கரி போர்டால் உயிரோடு புதைக்கப்பட்டது என்று எழுதுங்கள்” என்றார்.

அந்தப் போர்டின் தலைவர் ராபன்ஸ் பிரபு. ஒரு காலத்தில் தொழிற்சங்க அலுவலராக இருந்தவர், பிறகு தொழிற்கட்சி எம்.பி., அதற்கும் பிறகு பிரபு! விபத்து நடந்த அன்று அவர் அபர்வானுக்கு வரவில்லை. ஒரு சர்வகலாசாலையின் வேந்தராகப் பட்டம் சூட்டிக் கொள்ளப் போய்விட்டு, மறுநாள் மாலைதான் வந்தார். வந்ததும், யாருக்கும் தெரியாத ஊற்று மலைக்குள் இருந்தது என்றார். நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையில் விசாரணை 76 நாள் நடந்தது. தன் தவறைக் கடைசிக் கட்டம் வரை போர்டு ஒப்புக்கொள்ளவில்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டிருந்தால் விசாரணைக்கு இவ்வளவு காலம் பிடித்திராது என்று அறிக்கையே கண்டித்தது. பிள்ளையைப் புதைத்த பெற்றோர், அது யாருடைய குற்றமும் அல்ல என்று வக்கீல்கள் வாதாடுவதை உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. 1967 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: பழி நிலக்கரி போர்டுடையது. ஒருவருக்கும் தண்டனை இல்லை. ஒருவருக்கும் வேலை போகவில்லை. ராபன்ஸ் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், சர்க்கார் ஏற்கவில்லை, 1971 வரை நாற்காலியில் இருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்ல வேண்டும். அபர்வான் சுரங்கம் தனிமுதலாளியுடையதல்ல. 1947 ஜனவரி 1ந் தேதி பிரிட்டனின் சுரங்கங்கள் தேசிய உடைமை ஆயின. மக்கள் சார்பில் நிர்வகிக்கப்படுகிறது என்று ஒவ்வொரு சுரங்க வாயிலிலும் பலகை மாட்டினார்கள். தொழிலாளிகள் அன்று ஆனந்தக் கண்ணீர் வடித்தது நியாயமே. அதற்காகப் பல தலைமுறைகள் போராடியிருக்கிறார்கள். ஆனால் பலகை மாறிற்று, அதன் கீழே நின்றவனின் பேச்சுக்கு மதிப்பு வரவில்லை. மேடு எங்கே கொட்டுவது என்பதை மேட்டின் கீழே குடியிருந்தவனிடம் கேட்கவில்லை. கழிவு மேடுகளின் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம்கூட அந்நாட்டில் 1969ல்தான் வந்தது, 116 குழந்தைகள் செத்த பிறகு.

பணத்தின் கதை இதைவிடக் கேவலமானது. ஒரு பிள்ளைக்கு 50 பவுன் தருவதாக முதலில் போர்டு சொன்னது. பிறகு 500 பவுன் ஆக்கி, அது தாராளமான தொகை என்றது. இதற்கிடையே ஏராளமான நாடுகளிலிருந்து சாதாரண ஜனங்கள் அனுப்பிய நிதி 17½ லட்சம் பவுனாகச் சேர்ந்திருந்தது. அதை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி வந்தபோதுதான் தர்ம ஸ்தாபனக் கமிஷன் நாம் தொடக்கத்தில் கூறிய யோசனையைச் சொன்னது. ஒவ்வொரு பெற்றோரையும் விசாரித்து, பிள்ளையோடு நெருக்கமாக இல்லாதவர்கள் என்று பட்டால் பணம் இல்லையாம்! எந்தப் படியால் அளப்பார்கள்? இரவு ஷிப்டு முடிந்து வந்து பகலெல்லாம் தூங்கும் தகப்பன் நெருக்கமானவனா, இல்லையா? பிள்ளையை அன்று காலை அதட்டி அனுப்பிய தாய்? நல்லவேளை, நிதியை நிர்வகித்தவர்கள் இதற்கு இணங்கவில்லை. பறிகொடுத்த குடும்பத்துக்கு 5,000 பவுன் வீதம் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த நிதி மீது சர்க்காரின் கை விழாமல் இல்லை. ஏழாவது மேடு சரிந்த பின்னும் மற்ற மேடுகள் ஊருக்கு மேலே நின்றன. அவை ஆபத்தில்லை என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஜனங்கள் நம்பவில்லை. முதலில் சொன்ன நிபுணர்களை நம்பிய பலன் கல்லறையில் கிடந்தது! மிச்சமிருக்கும் பிள்ளையைத் தினமும் அந்த மேட்டின் கீழே நடத்திப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்கு என்ன ஆறுதல் சொல்லி என்ன பயன்? 1968ல் ஊரார் கார்டிப் நகருக்குப் போய், வேல்ஸ் மந்திரி இலாகாவின் அலுவலகத்திலேயே கரிச்சேற்றைக் கொட்டினார்கள். அதற்குப் பின்தான் மேடுகளை அகற்றச் சர்க்கார் இணங்கிற்று. செலவில் 1,50,000 பவுனை எங்கே எடுத்தது? செத்த குழந்தைகளுக்காக ஏழைகள் அனுப்பிய நிதியில்! அந்தப் பணம் 1997ல்தான் திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். 2007ல் வேல்ஸ் சர்க்கார் மேலும் 20 லட்சம் பவுன் கொடுத்தது. அதற்குள் பறிகொடுத்த பெற்றோரில் பலர் இல்லை.

நம் சங்கங்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு விபத்து நடந்தால் உண்டியல் குலுக்குவது நம் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் தோழர்கள் தரும் பணம் நிர்வாகம் தர வேண்டிய நஷ்டஈட்டுக்கு ஈடாகிவிடக் கூடாது. இரண்டு கணக்கும் தனித்தனி. முதல் நாள் மாலையோடு நின்றுவிடாமல், மரண விசாரணை நாளிலும், சாட்சியம் நாளிலும், ஆறு மாதம் கழித்து ஊரார் மறந்த நாளிலும் அந்த வீட்டு வாசலில் யாராவது இருக்க வேண்டும். குடும்பத்தார் கேள்வி கேட்க எழுந்து நிற்கும்போது “இப்போது போய் இதெல்லாமா” என்று கையைப் பிடித்து உட்கார வைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கேள்வி கேட்பதும் துக்கத்தில் ஒரு பகுதிதான்.

அபர்வானில் உயிர் பிழைத்த பிள்ளைகளுக்கு வேறொரு பாரம் இருந்தது. தெருவில் விளையாடினால், பிள்ளையை இழந்த அண்டை வீட்டார் மனம் நோகுமே என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். தான் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற குற்ற உணர்ச்சி ஏழு, எட்டு வயதில்! முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு டாக்டர்கள் அவர்களில் சிலரைப் பரிசோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப் பேர் அந்த அதிர்ச்சியின் மனநோயால் ஏதாவது ஒரு காலத்தில் அவதிப்பட்டிருந்தார்கள். சிலருக்கு அப்போதும் தீரவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்பார்கள்; அந்தப் பேச்சைச் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும்.

அவ்வூர்ப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிள்ளையை இழந்தவள், பிழைத்த பிள்ளையின் தாய், இரண்டு பேரும் ஒரே அறையில் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தச் சங்கம் கூடிக் கொண்டிருந்தது. ஆண்கள் ஒரு பாடகர் குழு அமைத்தார்கள். வீட்டில் வாய் திறக்காத தகப்பன்மார் அங்கே போய் நின்று பாடினார்கள். விபத்துக்குப் பிந்திய ஐந்தாண்டுகளில் அபர்வானில் குழந்தைப் பிறப்பு நன்றாக உயர்ந்தது என்று 1975ல் டாக்டர்கள் கணக்கெடுத்து எழுதினார்கள். இழந்த வீடுகளில்தான் அதிகம் பிறந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. பெரும்பகுதி, பிள்ளை எதையும் இழக்காத தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைகள்.