அனுப்பியது சேர்ந்ததாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

"கடுதாசி போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், "போய்ச் சேர்ந்துச்சா?" என்று உடனே கேட்பார் என் பாட்டி. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் போடுவது வேறு, சேர்வது வேறு என்பது அவருக்குத் தெரியும். படித்தவர்கள் நிறைந்த அலுவலகங்களோ இன்று அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. 'அனுப்பிவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது' என்கிறார்கள். அனுப்பியது சேர்ந்ததாகுமா? இக்கேள்வியை மாணவத் தோழர்கள் முன்னும், மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

என் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். முதலாம் ஆண்டில் படித்தபோது, கோடை விடுமுறையில் நடக்கும் ஓர் அறிவியல் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். தங்குமிடம், உணவு, உதவித்தொகை எல்லாம் உண்டு. என் தந்தை காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு மாதம் ஆய்வுக்கூடத்தில் இருக்கலாம் என்ற நினைப்பே எனக்குப் பெரிதாக இருந்தது. ஏப்ரல் மாதம் முழுவதும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "நமக்கெல்லாம் எங்கேப்பா கிடைக்கப் போகுது" என்று அம்மா ஆறுதல் சொன்னார். நானும் அப்பாவுடன் சந்தைக்குப் போகத் தொடங்கினேன்.

பயிற்சி தொடங்கிய ஒன்பதாம் நாள் ஒரு கடிதம் என் கைக்கு வந்தது. நான் தேர்வாகியிருப்பதாகவும், மின்னஞ்சலில் முன்பே தெரிவித்துவிட்டதாகவும், குறித்த நாளுக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றும் அதில் அச்சிட்டிருந்தது. சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்களை ஊர் முகப்பில் இருக்கும் மளிகைக் கடையில் கொடுத்துவிட்டுப் போவது நெடுநாளைய வழக்கம். அந்தக் கடையின் காலண்டருக்குப் பின்னால் என் கடிதம் எத்தனை நாள் செருகிக் கிடந்ததோ!

உடனே மின்னஞ்சலைத் திறந்து தேடினேன். ஸ்பேம் என்னும் வேண்டாத அஞ்சல் பெட்டிக்குள் அது கிடந்தது. அதற்கு மேலே, லாட்டரியில் ஒரு கோடி விழுந்திருக்கிறது என்று ஒரு கடிதம். அதற்குக் கீழே, ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறோம் என்று ஒரு கடிதம். இரண்டுக்கும் நடுவில் நான் காத்திருந்த கடிதம். வந்து 27 நாட்கள் ஆகியிருந்தன. பல மின்னஞ்சல் சேவைகளில் ஸ்பேம் பெட்டியில் விழுந்தவை 30 நாட்களில் தாமாகவே அழிந்துவிடும். இன்னும் மூன்று நாள் போயிருந்தால் அந்தத் தடயமும் இருந்திருக்காது.

'ஏன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை?' என்று நீங்கள் கேட்பது நியாயமே. அதற்கும் ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு என் சித்தி மகனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்று தொடங்கி, விமான நிலையத்தில் வேலை, பதிவுக் கட்டணம் ரூபாய் 2,500 என்று முடிந்தது. சித்தி தன் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டினார். வேலையும் இல்லை, தோடும் திரும்பவில்லை. அன்று முதல் அந்தப் பெட்டிப் பக்கமே போவதில்லை என்று நான் சபதம் செய்துகொண்டேன். எனக்கு வந்த உண்மைக் கடிதத்தின் தலைப்பு என்ன தெரியுமா? "வாழ்த்துகள்! நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்." மெய்யும் பொய்யும் ஒரே சொற்களை உடுத்திக்கொண்டு வந்தால், சல்லடைதான் என்ன செய்யும்? மனிதன்தான் என்ன செய்வான்?

சல்லடை பிழைப்பது எப்படி?

வேண்டாத மின்னஞ்சல் நேற்று முளைத்ததன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், அன்றைய அர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை ஒரேயடியாக அனுப்பினார். இவ்வகை அஞ்சலின் தொடக்கமாக அதையே குறிப்பிடுகிறார்கள். ஏமாற்றுக் கடிதமோ அதைவிடப் பழையது. சிறையில் இருக்கும் செல்வந்தரை மீட்கப் பணம் அனுப்பினால் பன்மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்லும் 'ஸ்பானியக் கைதி' கடிதங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே தபாலில் உலவின. முன்பு ஏமாற்றுகிறவன் ஒவ்வொரு கடிதத்துக்கும் தபால்தலை ஒட்ட வேண்டியிருந்தது. இன்று இலட்சம் பேருக்கு அனுப்பவும் அவனுக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நூற்றுக்கு ஒருவர் வேண்டாம், இலட்சத்துக்கு ஒருவர் ஏமாந்தாலே போதும். வெள்ளம் வற்றாமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

இவ்வெள்ளத்தைத் தடுக்க வந்ததுதான் சல்லடை. அதன் அடிப்படைகளுள் ஒன்று நம் புள்ளியியல் வகுப்பில் படிக்கும் பேயசுத் தேற்றம் என்று அறிந்தபோது வியந்துபோனேன். 1763இல், தாமஸ் பேயசு மறைந்த பின்னர் வெளியான கட்டுரையில் தோன்றிய கருத்து அது. 'பரிசு', 'இலவசம்', 'வாழ்த்துகள்' போன்ற சொற்கள் பொய்க் கடிதங்களில் எத்தனை முறை வருகின்றன, மெய்க் கடிதங்களில் எத்தனை முறை வருகின்றன என்று கணக்கிட்டு, புதிதாக வந்த கடிதம் பொய்யாக இருப்பதற்கான நிகழ்தகவைச் சொல்லிவிடலாம். இன்றைய சல்லடைகள் அனுப்புநரின் முகவரி, அவருடைய பழைய நடத்தை முதலியவற்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஆயினும் நிகழ்தகவு நிச்சயமாகாது.

ஆகவே பிழை இருவகைப்படும். பொய்யை உள்ளே விடுவது ஒன்று, மெய்யை வெளியே தள்ளுவது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கச் சல்லடையை இறுக்கினால் மற்றொன்று கூடும். இங்கேதான் என் வாதம் தொடங்குகிறது. இப்பிழைகளின் விலை எல்லோருக்கும் ஒன்றன்று. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு கடிதம் தவறினால், விசாரித்துச் சொல்ல ஒரு மாமா இருப்பார், தொலைபேசியில் கேட்க ஓர் அத்தை இருப்பார். எங்களுக்கு அந்தக் கடிதம்தான் மாமா, அந்தக் கடிதம்தான் அத்தை. அது தவறினால் வாய்ப்பே தவறியது என்று பொருள்.

பொறுப்பு யாருடையது?

தபாலின் மீது எனக்கு வெறுப்பில்லை. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சலகங்களைக் கொண்ட இந்நாட்டு அஞ்சல் அமைப்பு ஒரு சாதனையே. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் வழங்கிவரும் ஆறு இலக்கப் பின்கோடு, கடைக்கோடிக் கிராமத்துக்கும் ஓர் அடையாளத்தைத் தந்தது. எனினும் 1898ஆம் ஆண்டின் பழைய சட்டம், கடிதம் தொலைந்தாலும் தாமதமானாலும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, அரசு பொறுப்பன்று என்றது. அதற்குப் பதிலாக 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த 2023ஆம் ஆண்டின் சட்டமும், விதிகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பொறுப்பில்லை என்கிறது. தபாலுக்கு முழுப் பொறுப்பில்லை, சல்லடைக்குப் பொறுப்பே இல்லை. அப்படியென்றால் பொறுப்பு யாருக்கு? கடிதத்தின் மதிப்பை அறிந்தவர், அதை அனுப்பியவர். அவருக்குத்தான்!

'மாணவன் விழிப்பாக இருந்திருக்க வேண்டும்' என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். என் தவறும் உண்டு. ஆனால் விழிப்பு பிறப்பிலேயே வருவதன்று, கற்றுத் தரப்பட வேண்டியது. நம்முள் எத்தனை பேருடைய மின்னஞ்சல் முகவரி, பிளஸ் டூ முடித்து விண்ணப்பம் போட்ட நாளில் பிரௌசிங் சென்டர் அண்ணன் உருவாக்கித் தந்தது! கடவுச்சொல் அவர் நோட்டில்தான் இருக்கும். விண்ணப்பத்தில் அவருடைய முகவரியையே எழுதிவிட்டு வந்த நண்பர்களும் உண்டு. வீட்டுக் கடிதம் மளிகைக் கடையில், மின்னஞ்சல் பிரௌசிங் சென்டரில். சொந்த முகவரி இல்லாதவனிடம் 'விழித்திரு' என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, வாய்ப்பு வழங்கும் நிறுவனங்கள் பதில் வராத மாணவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்யட்டும். அவன் கல்லூரித் துறைத்தலைவருக்கும் ஒரு பிரதி அனுப்பட்டும். கடிதம் போடுவதென்றால் விரைவுத் தபாலில் போடட்டும். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலுடன் இணைந்துவிட்டது. கடிதம் எங்கே இருக்கிறது என்று அனுப்பியவரே பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, நம் கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி, சொந்த முகவரி வைத்துக்கொள்வதையும், ஸ்பேம் பெட்டியைப் பார்ப்பதையும், போலியைக் கண்டுகொள்வதையும் கற்றுத் தரட்டும். மூன்றாவது நம் கடமை. வாரம் ஒருமுறை அந்தப் பெட்டியைத் திறப்போம். பணம் கேட்கும் 'வாழ்த்துகளை' நம்பாதிருப்போம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்வோம். விண்ணப்பித்த இடத்திலிருந்து பதில் வரவில்லையென்றால், 'நமக்கெங்கே கிடைக்கும்' என்று ஒதுங்காமல், நாமே கேட்போம்.

இந்த ஆண்டும் அதே பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். மளிகைக் கடை அண்ணாச்சியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாட்டி மட்டும் தினமும் கேட்கிறார்: "போய்ச் சேர்ந்துச்சா?" நேற்றுத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சேர்ந்துவிட்டது, பாட்டி!