'பெயிண்டர்' என்று எழுதினேன்

தோழர்களுக்கு,

இந்த இதழின் அட்டையை வரைந்தவர் நம்ம கூடுவாஞ்சேரிக்காரர். சேரிச் சுவர்களில் நீலக் கோட்டு அம்பேத்கரை வரைஞ்சு வரைஞ்சே கை பழகினவர். பிளெக்ஸ் வந்ததும் போர்டு எழுதுற வேலை போச்சு. கடன் கேட்டு, நான் குமாஸ்தாவாக உட்கார்ந்திருக்கும் பேங்குக்கு வந்தார். மனுவில் 'தொழில்' என்றொரு கட்டம். "ஆர்ட்டிஸ்ட்டுன்னு போடுண்ணா" என்றார். நான் 'பெயிண்டர்' என்று எழுதினேன். அப்படி எழுதினால்தான் கடன் சுலபமாகக் கிடைக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கவிதை எழுதுகிற கைதான் அது.

இந்தக் கட்டம் பேங்கில் மட்டுமா இருக்கிறது? கிழக்கே கடற்கரைக்குப் போவோம். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் 1966இல் உண்டாக்கியது. ஓவியம் விற்காத காலம். பாத்திக் துணி போட்டு விற்று வயிற்றைக் கழுவினார்கள். அந்த உழைப்பை நான் கேலி செய்யவில்லை. ஆனால் துணிக்குச் சாயம் போட்டபோதும் அவர்கள் கலைஞர்களாகவே இருந்தார்கள். கைத்தொழில் அவர்களைக் கீழே இறக்கவில்லை. நம்மாளு கையில் அதே பிரஷ் இருந்தால் கூலிக்காரன்.

மேற்கைக் காப்பியடிக்காமல் மண்ணின் மொழியைத் தேடுவோம் என்றார்கள். நல்ல விஷயம். 1963இல் பணிக்கர் தொடங்கிய 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசைக்குக் கிடைத்தது ஜாதகக் கட்டமும் படிக்க முடியாத எழுத்தும். அசாத்தியமான படங்கள், எனக்குப் பிடிக்கும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. மண்ணைத் தோண்டினால் ஜாதகக் கட்டமும் தாந்திரிகச் சின்னமும்தான் வருமா? செத்த மாடு வராதா? பறை வராதா? இங்கிருந்து 1968இல் பாரிசுக்குப் போன விஸ்வநாதனின் வட்டமும் முக்கோணமும் அங்கே இந்தியக் கலையாகப் பேசப்பட்டன. எந்த இந்தியா?

செத்த மாட்டை வரைய நாக்பூரிலிருந்து சவி சாவர்கர் வரவேண்டியிருந்தது. (அந்த சாவர்கர் இல்லை, பயப்படாதீங்க.) பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில் கழுத்தில் எச்சில் கலயமும் பின்னால் துடைப்பமும் கட்டி நடக்கவிடப்பட்ட நம் பாட்டனை அவர் நம் முகத்துக்கு நேரே நிறுத்தினார். கேரளத்தில் ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சாஜன் மணி, பொய்கையில் அப்பச்சன் பாட்டுகளைக் கரியால் சுவரில் எழுதுகிறார், ரப்பர் ஷீட்டிலேயே படம் அச்சிடுகிறார். அவருக்கு 2021இல் கலைப் பரிசு கொடுத்தது பெர்லின். அப்பன் பால் வெட்டிய ரப்பரை மகன் கலையாக்கினால், அதைப் பார்க்க நாம பெர்லின் வரைக்கும் போகணுமா?

ஊரைத் திட்டியது போதும். நம்ம கதைக்கு வருவோம். இதே தோழர் போன மூன்று இதழ்களுக்கும் படம் போட்டுக்கொடுத்தார். கவிதை எழுதியவர்கள் பெயரை அச்சடித்தோம், என் பெயர் உட்பட. அவர் பெயர் எங்கேயும் இல்லை. காசும் கொடுக்கவில்லை, டீ வாங்கிக்கொடுத்தோம். விடுதலை பேசுகிற பத்திரிகைதான் இது!

கடன் கிடைத்துவிட்டது. மனுவில் இன்னமும் பெயிண்டர்தான். இதழில் மட்டும் திருத்தியிருக்கிறோம். அட்டையின் உள்பக்கத்தில், கவிஞர்கள் பெயர் இருக்கும் அதே எழுத்து அளவில் அவர் பெயர் இருக்கிறது. சன்மானம் இந்த முறை ஆசிரியர் குழுவின் கைக்காசு. சந்தா பாக்கி வைத்திருக்கும் தோழர்கள் அனுப்பினால் அடுத்த படத்துக்கும் கொடுக்கலாம். மாணவத் தோழர்களே, உங்கள் சேரிச் சுவரில் அம்பேத்கரை வரைந்தவர் யார்? அவர் சம்மதத்தோடு பெயரையும் ஒரு படத்தையும் அனுப்புங்கள்.