இது தடுமன் இல்லை, புகை!

ஆமத்தூர் வட்டார விவசாயப் பெருமக்களே!

பட்டாசுக் கழிவு மருந்தைத் திறந்தவெளியில் கொளுத்தினால், காட்டு வேலையில் நிற்கிற நமக்கு மூக்கு எரியுது, ஒழுகுது, அடைக்குது. "தடுமன்தானே" என்று விட்டுவிடுகிறோம். புகையை விட்டு விலகியதும் அடைப்பு குறைந்தால் அது தடுமன் இல்லை.

கந்தகம் எரிந்தால் வருவது கந்தக டை ஆக்சைடு. மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. ஐந்தாம் மூளை நரம்பு அந்த எரிச்சலை மூளைக்குச் சொல்கிறது. உடனே மூக்குக்குள் ரத்தக் குழாய்கள் விரிகின்றன; சவ்வு வீங்குகிறது; நீர் கொட்டுகிறது. உடம்பு அடிக்கிற அபாய மணி இது!

மெடிக்கல் கடைச் சொட்டு மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்கும். நாலைந்து நாளைக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும். புகை நிற்காமல் சொட்டு மருந்து எதுக்கு?

பட்டாசுத் தொழில் நமக்குப் பகையில்லை. மழை பொய்த்த வருசங்களில் நம் வீடுகளுக்குக் கஞ்சி ஊற்றியது அதுதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தது. கருமருந்தில் கந்தகம் இன்றும் இருக்கு.

எனவே கேட்கிறோம்:

கழிவு மருந்தைக் காட்டோரம் கொளுத்தாதே!

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூக்கு, நுரையீரல் பரிசோதனை முகாம் நடத்து!

சும்மா இருந்தா யாரும் தரமாட்டாங்க. மனுவோடு திரண்டு வாரீர்!