அளக்க வேண்டியது எதை?

பல்கலைக்கழகத் துறை ஒவ்வொன்றும் தனது 'விளைவுகளை' எழுதி, எண்களில் அளந்து காட்ட வேண்டும் என்பது இன்றைய கட்டளை. 1994இல் அமைக்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு அங்கீகாரக் குழுவும் (நாக்), 2016இல் தொடங்கிய தேசியத் தரவரிசையும் இதையே கோருகின்றன.

மக்கள் பணத்தில் இயங்கும் துறை மக்களுக்குக் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். இதில் இடதுசாரிகளுக்கு மாற்றுக் கருத்தில்லை. எதை அளப்பது, யார் அளப்பது என்பதே கேள்வி. ஒவ்வொரு பாடத்துக்கும் விளைவுகளை எழுதி, 1, 2, 3 என எடையிட்டு அட்டவணை நிரப்புவதில் ஆசிரியரின் நேரம் கரைகிறது. தரச் சான்று சந்தைச் சரக்காகும்போது ஊழலும் உடன் வருகிறது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினரையே லஞ்சப் புகாரில் சிபிஐ கைது செய்தது.

பாறசாலை, உதியன்குளங்கரை போன்ற எல்லைக் கிராமத்துத் தொழிலாளியின் மகள் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் சேர்கிறாள் எனில், அவள் இடைநிற்காமல் படித்து முடித்தாளா, உதவித்தொகை உரிய காலத்தில் கிடைத்ததா, ஆசிரியர் பணியிடங்கள் நிரப்பப்பட்டனவா, துறையின் ஆய்வு எல்லைப்புறத் தமிழர் வாழ்வைத் தொட்டதா என்பவையே உண்மையான விளைவுகள்.

இவற்றை ஆசிரியரும் மாணவரும் ஊழியரும் கூடி வகுக்க வேண்டும்; ஆண்டுதோறும் பகிரங்கமாகப் பரிசீலிக்க வேண்டும். குறை கண்ட இடத்தில் தண்டனையல்ல, கூடுதல் நிதியே தீர்வு. மாணவர், ஆசிரியர் அரங்கங்களில் பணியாற்றும் தோழர்கள் இக்கோரிக்கையை முன்னெடுக்க வேண்டும்.