ஸ்பானிய மொழியில் ஊதியச் சொற்கள்

ஸ்பானிய மொழியின் ஐந்தாறு சொற்களையும் 'இலாபம்' என்னும் ஒன்றாலேயே பெயர்த்துவிடலாம் எனக் கருதுவாரும் உளர். அக்கொள்கை எமக்கு உடன்பாடன்று.

வணிகன் முதல் நீக்கிப் பெறுவது 'கனான்சியா'. 'கனார்' என்னும் வினையோடு இயைந்த இச்சொல்லில் உழைத்துப் பெறுதல், வெல்லுதல் என்னும் பொருள்களும் தோன்றுதலின், இதன்கண் இழிவில்லை. இலத்தீன் வழிவந்த 'லுக்ரோ' அத்தகையதன்று. பொருளளவில் அதுவும் ஊதியமே. எனினும் 'அஃபான் தெ லுக்ரோ' எனப் பேராசையோடு சேர்ந்து பயின்று மாசுற்றது. ஊதியங் கருதா அறநிலையங்கள் தம்மை ஸ்பெயினில் 'சின் ஆனிமோ தெ லுக்ரோ' என்றும், அமெரிக்க நாடுகளிற் பெரும்பாலும் 'சின் ஃபினெஸ் தெ லுக்ரோ' என்றும் கூறிக்கொள்ளுதல் காண்க. நேர்மையான கடைக்காரனது வரவை 'லுக்ரோ' என்றெழுதுவோன், தான் அறியாமலே அவனைப் பழித்தவனாவான்.

'பெனிஃபிசியோ' என்பது நற்செயல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. ஸ்பெயின் நாட்டுக் கணக்கேடுகளில் நிறுவனத்தின் ஊதியத்தையும், பிறவிடத்துப் பணமல்லா நலத்தையும் அது குறிக்கும். மெக்சிக்கோவிலோ 'உத்திலிதாதெஸ்' என்பர். 1917 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 123 ஆம் பிரிவிலே தொழிலாளர்க்கு ஊதியத்திற் பங்குரிமை அளித்தது இச்சொல்லாற்றான். இதனைப் 'பயன்பாடுகள்' எனப் பெயர்ப்போன், கூலியாளுக்குச் சட்டம் அளித்த பணத்தையே மறைத்துவிடுகின்றான்!

தனிமனிதன் துய்க்கும் பயனுக்குப் 'புரொவெச்சோ' ஏற்புடைத்து. உண்போரைப் 'புவென் புரொவெச்சோ' என வாழ்த்துவர். ஆயினும் இதன் வழிப்பட்ட வினையாகிய 'அப்ரொவெச்சார்சே', பிறனது எளிமையைத் தனக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளுதலையும் உணர்த்தும். ஒரே வேரில் வாழ்த்தும் வசையும்! நம் 'ஊதியம்' என்னும் சொல்லும் முற்காலத்து இலாபத்தைக் குறித்துப் பிற்காலத்துச் சம்பளமாயிற்றன்றோ? யாம் ஈண்டு அதனை முற்பொருளிலேயே ஆண்டோம்.