பன்னிரண்டு ஸ்பீக்கர் வேண்டுமா, ஒரு ஹெட்போன் போதுமா?

வீட்டில் பாட்டு மிக்ஸிங் பழகும் பிள்ளை இருந்தால், இந்தக் கோரிக்கை என்றைக்காவது ஒருநாள் வந்தே தீரும்: “அட்மாஸ் ரூம் போடணும்!” முதலில் ஒரு கம்ப்யூட்டர், பிறகு ஒரு மைக், பிறகு இரண்டு ஸ்பீக்கர் என்று வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கு இது அடுத்த படி மாதிரித் தெரியும். விலை விசாரித்தால்தான் அது அடுத்த மாடி என்று புரியும்.

காது மட்டத்தில் சுற்றிலும் 7 ஸ்பீக்கர், அடிநாதத்துக்கு ஒரு சப்-ஊஃபர், தலைக்கு மேலே 4 ஸ்பீக்கர். இந்தக் கணக்கைத்தான் ‘7.1.4’ என்று எழுதுகிறார்கள். மொத்தம் 12 பெட்டிகள். பாட்டு மிக்ஸ் செய்யும் அறைக்கு டால்பி நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச ஏற்பாடே இதுதான். அத்தனை பெட்டிக்கும் தனித்தனியாக ஒலி அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸ், எதிரொலியை அடக்கும் சுவர் வேலை, மேலே தொங்கவிடத் தோதான கூரை எல்லாம் தனிக்கணக்கு.

பீரோவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. எந்த ஃபார்மட்டில் மிக்ஸ் செய்யப் போகிறோம்? அதை யார், எதில் கேட்கப் போகிறார்கள்?

நம்மைச் சுற்றிச் சூழும் ஒலியை ‘இம்மர்சிவ் ஆடியோ’ என்கிறார்கள். இதில் பெயர்கள் நிறைய இருந்தாலும் வழிகள் மூன்றுதான். அந்த மூன்றும் பிடிபட்டால், எந்தக் கடைக்காரரும் நம்மைக் குழப்ப முடியாது.

முதல் வழி: இந்த ஒலி, இந்தப் பெட்டிக்கு

ஸ்டீரியோ நமக்குப் பழக்கமானது. வயலின் இடது பக்கம், கஞ்சிரா வலது பக்கம் என்று மிக்ஸ் செய்பவர் முடிவு செய்கிறார். இடதுக்கு ஒரு சேனல், வலதுக்கு ஒரு சேனல். எந்தெந்த ஸ்பீக்கரில் எது ஒலிக்க வேண்டும் என்பது மிக்ஸிங் மேஜையிலேயே முடிந்துவிடுகிறது. 5.1, 7.1 எல்லாமே இதன் நீட்சிதான்.

இதே வழியில் மேலே ஏறியது பெல்ஜியத்தில் பிறந்த ‘ஆரோ 3டி’. காது மட்டத்தில் ஓர் அடுக்கு, அதற்கு மேலே ஓர் அடுக்கு, உச்சந்தலைக்கு நேர் மேலே ஒரு ஸ்பீக்கர் என்று ஒலியை அடுக்கு அடுக்காகக் கட்டினார்கள். 2013-ல் வந்த கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’தான் இந்தியாவில் ஆரோ 3டி-யில் வந்த முதல் படம்.

இந்த வழியில் குழப்பம் குறைவு. மிக்ஸ் அறையில் கேட்டது, அதே அமைப்பு உள்ள இன்னோர் அறையில் அப்படியே கேட்கும். சிக்கல் எங்கே என்றால், அதே அமைப்பு எத்தனை இடத்தில் இருக்கும் என்பதில்தான்.

இரண்டாம் வழி: இந்த ஒலி, இந்த இடத்துக்கு

2012-ல் பிக்ஸாரின் ‘பிரேவ்’ படத்தோடு வந்த டால்பி அட்மாஸ் இந்தக் கணக்கை மாற்றியது. ஹெலிகாப்டர் சத்தத்தை ‘ஐந்தாவது ஸ்பீக்கருக்கு அனுப்பு’ என்று சொல்லாமல், ‘அறையின் பின்பக்கம், வலது மூலை, கூரையை ஒட்டி’ என்று இடத்தை மட்டும் எழுதிவைக்கிறார்கள். ஒலி தனியாக, முகவரி தனியாகப் பயணிக்கின்றன. இப்படி முகவரியோடு போகும் ஒலிக்கு ‘ஆப்ஜெக்ட்’ என்று பெயர். தியேட்டரிலோ வீட்டிலோ இருக்கும் ‘ரெண்டரர்’ என்ற மென்பொருள், அங்கே எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்குத் தக்கபடி முகவரியைப் படித்து ஒலியைப் பிரித்துக் கொடுக்கிறது.

அதே 2012 டிசம்பர் 12 அன்று ரஜினியின் ‘சிவாஜி’ 3டி-யாக மறுபடி வந்தபோது, சென்னை சத்யம் தியேட்டரில் அட்மாஸ் ஒலித்தது. இந்திய சினிமாவுக்கு அதுதான் தொடக்கம். இத்தனைக்கும் படம் முதலில் வந்தது 2007-ல், அட்மாஸ் என்ற ஒன்றே இல்லாதபோது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாட்டு மிக்ஸில் அட்மாஸ் மொத்தம் 128 தடங்களைத் தருகிறது. அதில் 10 தடங்கள் ‘பெட்’ எனப்படும் 7.1.2 அடித்தளத்துக்குப் போனால், மீதி 118 ஆப்ஜெக்ட்டுகள். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இணையத்தில் அனுப்பும்போது டேட்டா மிச்சமாக வேண்டும் என்பதற்காக, பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஒலிகளைச் சேர்த்து 12 முதல் 16 தொகுப்புகளாகச் சுருக்கிவிடுவார்கள். 118 ஒலிகளைத் தனித்தனியாக வீடெங்கும் பறக்கவிட்டாலும், கேட்பவரின் ஃபோனுக்கு வந்து சேர்வது அந்தச் சில தொகுப்புகள்தான்.

சோனியின் ‘360 ரியாலிட்டி ஆடியோ’வும் ஆப்ஜெக்ட் வழிதான். 2019-ல் வந்தது, ‘எம்பெக்-ஹெச்’ என்ற பொதுத் தரத்தின் மேல் கட்டப்பட்டது. அட்மாஸ் கேட்பவரைச் சுற்றியும் மேலேயும் ஒலியை வைக்கும். சோனியோ முழு உருண்டை. காலுக்குக் கீழேயும் ஒலியை வைக்கலாம். யோசனை அழகானதுதான். ஆனால், தொடக்கத்தில் இதைத் தாங்கிப் பிடித்த டைடல் இசைத் தளம் 2024 ஜூலையில் இதைக் கைவிட்டு, அட்மாஸை மட்டும் வைத்துக்கொண்டது. நல்ல ஃபார்மட்டாக இருந்தால் மட்டும் போதாது, அதை விற்கும் கடை திறந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வழி: மொத்தக் காட்சியும் ஒரு உருண்டையாக

‘ஆம்பிசானிக்ஸ்’ என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால், இவற்றில் மூத்தது இதுதான். 1970-களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சன் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் உருவாக்கியது. இதில் ஸ்பீக்கர் கணக்கும் இல்லை, ஆப்ஜெக்ட் கணக்கும் இல்லை. ஓர் இடத்தில் நின்றால் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒலி வருகிறது என்பதையே பதிவு செய்கிறது. நான்கு சேனல்: ஒன்று மொத்த ஒலி, மற்ற மூன்று, முன்-பின், இடம்-வலம், மேல்-கீழ் வேறுபாடுகள். திசை இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் சேனல்களைக் கூட்ட வேண்டும்; மூன்றாம் படிநிலைக்கு 16 சேனல்.

ஒரு தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நாகஸ்வரம், பின்னால் வடம் பிடிப்பவர்களின் குரல், பக்கத்தில் பலூன்காரர். நடுவில் ஓர் ஆம்பிசானிக் மைக்கை நிறுத்தினால் தெருவே உள்ளே வந்துவிடும். கேட்பவர் தலையைத் திருப்பினால், மொத்த ஒலியையும் அதற்கேற்பச் சுழற்றிவிடுவது இதில் சுலபம். அதனால்தான் 360 டிகிரி வீடியோவுக்கும் வி.ஆர். விளையாட்டுகளுக்கும் இது பிடித்தமான வழி. யூடியூபின் 360 வீடியோக்களும் நான்கு சேனல் ஆம்பிசானிக்ஸை ஏற்கின்றன. ஒவ்வொரு வாத்தியத்தையும் ஊசி முனை போல ஓர் இடத்தில் குத்தி வைக்க வேண்டிய பாட்டுக்கு, நான்கு சேனல் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும்.

சமீபத்திய வரவு ‘எக்லிப்ஸா ஆடியோ’. 2025 ஜனவரியில் கூகுளும் சாம்சங்கும் சேர்ந்து அறிவித்தன. ராயல்டி இல்லாத திறந்த தரம் என்பதுதான் இதன் பலம். யூடியூபும் டிவியும் இதன் பின்னால் நிற்கின்றன. அட்மாஸுக்குப் போட்டியாக வளருமா என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும்.

மென்பொருளில் என்ன இருக்கிறது?

மிக்ஸிங் செய்யும் மென்பொருளை டிஜிட்டல் ஆடியோ வொர்க்ஸ்டேஷன் என்பார்கள். சுருக்கமாக ‘டா’, உரிமையோடு ‘டா’ போட்டுத்தான் கூப்பிட வேண்டும்!

முன்பெல்லாம் அட்மாஸ் மிக்ஸ் செய்ய டால்பியின் ரெண்டரரைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். இன்று அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் அட்மாஸ் பாட்டுகளைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் லாஜிக் ப்ரோ 10.7 அட்மாஸ் கருவிகளோடு வந்தது. 2022-ல் க்யூபேஸ் 12, 2023-ல் ஸ்டூடியோ ஒன் 6.5, ஆண்டு இறுதியில் ப்ரோ டூல்ஸ் என்று ஒவ்வொன்றாக ரெண்டரரை உள்ளேயே வைத்துக்கொண்டன. ஆம்பிசானிக்ஸுக்கு ரீப்பர் பலரின் தேர்வு. ஒரே தடத்தில் நிறைய சேனல்களைச் சுமக்கும். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர இசைப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய ‘ஐ.இ.எம்.’ ப்ளக்-இன்களை அதில் இலவசமாகவே சேர்த்துக்கொள்ளலாம். சோனிக்கு ‘360 வாக்மிக்ஸ் கிரியேட்டர்’ என்ற ப்ளக்-இன். எக்லிப்ஸாவுக்கும் ப்ரோ டூல்ஸில் இலவச ப்ளக்-இன் உண்டு.

ஆக, கற்றுக்கொள்வதற்கு 12 பெட்டிகள் தேவையில்லை. எல்லா ரெண்டரரிலும் ‘பைனாரல்’ என்ற வழி இருக்கிறது. வலப்பக்கத்து ஒலி வலது காதுக்கு முதலில் சேர்கிறது. இடது காதுக்கு, ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தாமதத்தில் சேர்கிறது. அந்தத் தாமதத்தையும், தலையும் காது மடலும் ஒலியில் செய்யும் மாற்றத்தையும் கணக்குப் போட்டு, சாதாரண ஹெட்போனிலேயே சுற்றுப்புற ஒலியை உண்டாக்கிவிடுகிறது.

பாட்டு கேட்பவர்களில் பெரும்பாலோர் கேட்கப் போவதும் இப்படித்தான். பஸ்ஸில், மொட்டைமாடியில், சமையலறையில், ஒரு ஃபோனும் இரண்டு காதுமாக.

ஹெட்போனில் ஒரு கண்ணி

ஆனால், ஹெட்போனை மட்டும் நம்பவும் கூடாது. என் காது மடல் வேறு, உங்கள் காது மடல் வேறு. எனக்குப் பின்னால் கேட்பது உங்களுக்குத் தலைக்குள் கேட்கலாம். ஆப்பிளும் சோனியும் காதைப் படம் பிடித்து ஒலியைச் சரி செய்யும் வசதி கொடுத்திருப்பது இதனால்தான்.

இன்னொன்று: டால்பி ரெண்டரரில் ஒவ்வொரு ஒலிக்கும் ‘அருகே, நடுவே, தொலைவே’ என்று ஹெட்போனுக்கான தூரம் குறிக்கலாம். ஆப்பிள் மியூசிக் தன் சொந்த முறையில் ஹெட்போன் ஒலியைத் தயாரிப்பதால், அந்தக் குறிப்புகளை எடுத்துக்கொள்வதில்லை. மிக்ஸில் பார்த்துப் பார்த்து வைத்த தூரம் அங்கே மாறிப்போகும். அதனால் பாட்டை வெளியிடும் முன் இரண்டு விதத்திலும் கேட்டாக வேண்டும்.

ஸ்டீரியோ பழக்கத்தில் வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இன்னும் மூன்று. ஒன்று, கடைசியில் மொத்த மிக்ஸ் மேலும் ஒரு கம்ப்ரஸரைப் போட்டு ஒட்டவைக்கும் வித்தை இங்கே பலிக்காது. ஆப்ஜெக்ட்டுகள் தனித்தனியாக ரெண்டரருக்குப் போய்விடுகின்றன. இரண்டு, சத்தத்துக்கு வரம்பு உண்டு: அட்மாஸ் பாட்டின் சராசரி உரப்பு மைனஸ் 18 எல்.கே.எஃப்.எஸ்., உச்சம் மைனஸ் 1 டெசிபல். இதைத் தாண்டினால் பாட்டு திரும்பி வரும். மூன்று, அடிநாதத்தை சப்-ஊஃபர் சேனலில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்டீரியோவாகச் சுருக்கும்போது அந்தச் சேனல் கழன்றுவிடக்கூடும். தவிலின் அடியே காணாமல் போனால் பாட்டில் என்ன மிச்சம்?

எதற்கு எது?

இசைத் தளங்களில் பாட்டு வெளியிட: இன்றைய நிலையில் அட்மாஸ். 360 வீடியோ, வி.ஆர்., ஊர்ச் சத்தங்களின் பதிவு: ஆம்பிசானிக்ஸ். யூடியூப்தான் உங்கள் மேடை என்றால் எக்லிப்ஸாவைப் பழகி வைக்கலாம். ஆரோ, சோனி இரண்டையும் கேட்டு வருபவர் இருந்தால் மட்டும். முதல் ஆறு மாதம் கையில் இருக்கும் ‘டா’வும் ஒரு நல்ல ஹெட்போனும் போதும். மிக்ஸ் முடிந்ததும், முறையாகக் கட்டிய அட்மாஸ் அறையைச் சில மணி நேரம் வாடகைக்கு எடுத்துச் சரிபார்க்கலாம். வாடகை கொடுத்து கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்கிற அளவுக்கு வேலை வரும்போது, சொந்த அறையைப் பற்றி யோசிக்கலாம்.

1970-களில் நான்கு ஸ்பீக்கர் ‘குவாட்ரஃபோனிக்’ இசைத்தட்டுகள் வந்தன. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல ஃபார்மட்டுகள் சண்டையிட்டன, வாங்கியவர்கள் குழம்பினார்கள், சில ஆண்டுகளில் எல்லாமே மூட்டை கட்டிக்கொண்டு போயின. ஆனால், பீட்டில்ஸின் ‘அபே ரோடு’ 1969-ல் 8 தடங்கள் கொண்ட டேப்பில் பதிவானது. 50 ஆண்டு கழித்து 2019-ல் அது அட்மாஸில் வந்தது. குரல் தனி, கிட்டார் தனி, டிரம்ஸ் தனி என்று தடங்களைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அது முடிந்தது. ‘சிவாஜி’ ஐந்து ஆண்டு கழித்துப் புது ஒலியில் வந்ததும் இதே தர்க்கத்தில்தான். ஒன்றாகக் கலந்துவிட்ட ஒலியை அறை முழுக்கப் பிரித்து வைப்பது லேசான காரியம் இல்லை.

அதனால், பிள்ளைக்கு இப்போதே வாங்கிக் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டென்றால், அது இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு பாட்டின் தடங்களையும், எக்கோ சேர்க்காத வடிவில் ஒன்று, சேர்த்த வடிவில் ஒன்று எனத் தனித்தனி ஃபைலாக எடுத்து, பெயர் எழுதி, இரண்டு டிஸ்க்கிலும் வைக்கச் சொல்லுங்கள். அட்மாஸ் முடிந்ததும் வரும் ‘ஏ.டி.எம்.’ மாஸ்டர் ஃபைலையும் சேர்த்து வைக்கட்டும். பணம் கொட்டும் ஏ.டி.எம். இல்லை இது, ஆனால், ஒலியையும் அதன் முகவரிகளையும் ஒன்றாகச் சுமக்கும் பொதுத்தர ஃபைல். நாளைக்கு எந்தப் பெயரில் எந்த ஃபார்மட் வந்தாலும், அந்த டிஸ்க் கையில் இருப்பவருக்குப் பாட்டை மறுபடி பாடவைக்க வேண்டிய அவசியம் இருக்காது.