கருவறைக்கும் ஆலைவாசலுக்கும் ஒரே அறம்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. பெண்களுக்கு இரவுப் பணி, குறித்த கால ஒப்பந்த வேலை ஆகியவற்றைத் தொழில் துறை முன்னேற்றம் என்று கொண்டாடியது. அதே மாதத் தொடக்கத்தில்தான் ஓசூரை அடுத்த நாகமங்கலத்தில், டாடா எலெக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா கண்டெடுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கருவிலிருக்கும் உயிரைக் காக்க மெழுகுவத்தி ஏந்தும் கத்தோலிக்கர் பலருக்கு இவை வேறு யாருடைய கவலையோ. அவர்கள் தங்கள் திருச்சபையின் ஏடுகளை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ ஏட்டின் 27ஆம் எண்ணை மறைக்கல்வி வகுப்பு ஒவ்வொன்றிலும் படிக்க வைக்க வேண்டும். கொலை, இனப்படுகொலை, கருக்கலைப்பு என்று அது பட்டியலிடுகிறது. அங்கே நிற்காமல் மனிதத்தன்மையற்ற வாழ்நிலை, அடிமைத்தனம், பெண்களையும் குழந்தைகளையும் விற்பது, தொழிலாளரை லாபத்துக்கான கருவியாக மட்டும் நடத்தும் பணிச்சூழல் என்று அதே மூச்சில் தொடர்கிறது. கருக்கலைப்பைக் கண்டித்து 1995இல் சுற்றுமடல் எழுதிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அதன் தொடக்கத்திலேயே இந்தப் பட்டியலை எடுத்தாண்டார். தொழிலாளரை வெட்டிவிட்டுக் கருவை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. பிறவாத உயிரைப் போலவே பிறந்துவிட்ட ஏழையின் உயிரும் புனிதமானது என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே, குடியேறிகளை மனிதத்தன்மையின்றி நடத்துவதை ஏற்பவர் உயிரின் பக்கம் நிற்பவர்தானா என்று 2025 செப்டம்பரில் திருத்தந்தை லியோ கேட்டார். அறுபது ஆண்டுகளாகப் போதனை மாறவில்லை. நாம்தான் பாதியைப் படித்துவிட்டு மூடிவைக்கிறோம்.

கரு, தொழிலாளர் என்ற இந்தப் பட்டியலின் இரு முனைகளும் ஓசூர் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சந்திக்கின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 926 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலச் சராசரி 943. பக்கத்துத் தருமபுரியில் 913. இயற்கையாக 950 அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் 24 பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் 1994லேயே வந்துவிட்டது. ஆனால் 2023இல் பெங்களூரு போலீஸார் பிடித்த கும்பல், மாண்டியாவில் வெல்லம் காய்ச்சும் ஆலையில் ஸ்கேன் கருவி வைத்துக் கருவின் பாலினத்தைக் கண்டறிந்து வந்தது. மூன்று ஆண்டுகளில் சுமார் 900 கருக்கள் கலைக்கப்பட்டதாகப் போலீஸார் சொன்னார்கள். கைதானவர்களில் சென்னை மருத்துவரும் உண்டு. இந்தக் குற்றத்துக்கு மாநில எல்லை கிடையாது.

இனி ஆலைவாசல். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை ஐஃபோன் பொருத்தும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கர்ப்பமும் குடும்பப் பொறுப்புமே காரணமாகச் சொல்லப்பட்டன. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு அறிக்கை கேட்டது, அதோடு பேச்சு அடங்கியது. ஒரு பெண்ணின் கருப்பையை உற்பத்திக்கு இடைஞ்சல் என்று கணக்கெழுதும் மனநிலைக்கும், பெண் கருவைச் செலவு என்று கணக்கெழுதும் மனநிலைக்கும் என்ன வேறுபாடு? இரண்டும் ஒரே பேரேடு.

குறித்த கால ஒப்பந்தம் இந்த மனநிலைக்குச் சட்டத்தின் போர்வையைத் தருகிறது. புதிய தொகுப்பின்படி ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பு ஆகாது. கர்ப்பிணியை யாரும் ‘நீக்க’ வேண்டியதே இல்லை; புதுப்பிக்காமல் விட்டால் போதும். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலச் சலுகை உண்டு என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. ஆனால் தொலைதூர மாநிலத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இருபது வயதுப் பெண்ணுக்கு இந்தத் தீர்ப்பை யார் போய்ச் சொன்னார்கள்?

“அதிகம் கேட்டால் ஆலைகள் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போய்விடும்” என்பார்கள். நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுப் புளித்த மிரட்டல் இது. சிப்காட் தொழிற்பேட்டை இன்னும் ஓசூரில்தான் இருக்கிறது. “திருச்சபைக்கு அரசியல் எதற்கு?” என்கிறவர்கள் 27ஆம் எண்ணைக் கிழித்துவிட்டு வந்து பேசட்டும். பெண்ணுரிமை பேசிக்கொண்டு, கலைக்கப்படும் பெண் கருவைப் பற்றி மட்டும் வாய் திறக்காத முற்போக்காளர்களோடு விவாதிக்க எனக்குப் பொறுமையில்லை.

1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. பெற்றவள் கைவிடும் குழந்தைக்கு அரசு தொட்டில் கட்டியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்றது 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். பெற்றவள் கைவிட வேண்டிய நிலையே வராமல் தடுக்கும் தொட்டில் இது. முதல் தொட்டிலைப் பாராட்டிக் கைதட்டிய நாம், இரண்டாவதைக் கேட்டு எந்த ஆலையின் வாசலில் நின்றோம்?

ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் 6,000 பழங்குடிப் பெண்கள் ஓசூர் ஐஃபோன் ஆலைக்குப் பயிற்சி பெற்றிருப்பதாக 2022இல் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் அறிவித்தார். அந்த ராஞ்சி மண்ணில் 1885இல் போய் இறங்கிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்களிடம் நிலம் இழந்த முண்டா மக்களுக்காக நீதிமன்றப் படியேறினார். அங்கே திருச்சபை வேரூன்றியது வழக்காடு மன்றத்தில். அதே மண்ணின் பெண்கள் நம் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறார்கள்.

‘ஒப்பந்தம் முடிந்தது’ என்ற ஒற்றை வரிக்கு அஞ்சிக் கலைக்கப்படும் கருக்கள், ஸ்கேன் கும்பல்கள் கலைத்தவற்றைவிட அதிகம் என்றே நான் நம்புகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய தருமபுரி மறைமாவட்டம், ஓசூரிலும் மத்திகிரியிலும் இந்தியிலும் ஒடியாவிலும் சாத்ரியிலும் பேசும் சட்ட உதவி மையங்களைத் திறக்க வேண்டும். எத்தனை ஒப்பந்தத் தொழிலாளிகள் பேறுகாலச் சலுகை பெற்றார்கள், எத்தனை ஆலைகளில் காப்பகம் இயங்குகிறது என்ற கணக்கைத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கருக்கலைப்புச் சட்டம் 1971இல் ஒப்புதல் பெற்ற நாளான ஆகஸ்ட் 10ஐ உயிர்காப்பு நாளாக அனுசரிப்பவர்கள், வரும் ஆண்டு ஊர்வலத்தைச் சிப்காட் வாசலில் நடத்தட்டும். கர்ப்பிணித் தொழிலாளியின் வேலையைக் காக்க வராதவருக்கு அவள் வயிற்றிலுள்ள சிசுவைப் பற்றிப் பேசும் தகுதி இல்லை.